பந்தயக்காரருக்கு ‘சர்’ பட்டம்: கணக்கு எங்கே இருக்கிறது?

கேள்வி இது: ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் ஏழு முறை உலக சாம்பியனான லூயிஸ் ஹாமில்டனுக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார்கள். ஆனால் ஜிம் கிளார்க்குக்குக் கிடைக்கவில்லை. பைக்கிலும் காரிலும் உலகப் பட்டம் வென்ற ஜான் சர்டீஸுக்கும் கிடைக்கவில்லை. ஒரு முறைகூட சாம்பியன் ஆகாத ஸ்டிர்லிங் மாஸுக்குக் கிடைத்திருக்கிறது. இத்தனை பந்தயம் ஜெயித்தால் ‘சர்’ என்று ஏதாவது கணக்கு உண்டா? இந்தியாவில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது?

கணக்கு எதுவும் கிடையாது. பட்டம் வாங்கியவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஓட்டும்போது ஜெயித்ததற்காகப் பட்டம் வாங்கியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும், உயிரோடு ஓய்வு பெற்று, அதன்பிறகு பல ஆண்டுகள் பொதுவெளியில் ஏதாவது ஒரு வேலையால் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே அது போயிருக்கிறது. கார்ப் பந்தயத்தில் அந்த முதல் நிபந்தனையே பெரிய நிபந்தனை. 1950-களிலும் 60-களிலும் ஓட்டியவர்களில் எத்தனை பேர் நாற்பது வயதைப் பார்த்தார்கள்?

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ஆண்டுக்கு இரண்டு பட்டியல்கள் வரும்: ஒன்று புத்தாண்டுக்கு, இன்னொன்று ஜூனில் மன்னரின் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு. யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். அந்த மனுக்களை ஒவ்வொரு துறைக்கும் இருக்கும் குழு பார்க்கும். விளையாட்டுக்கென்று தனிக் குழு உண்டு. பிறகு மேல்குழு, பிரதமர், மன்னர் என்று போகும். படிநிலை கீழிருந்து மேலாக எம்.பி.இ., ஓ.பி.இ., சி.பி.இ., அதற்கு மேல் ‘சர்’. நடுவில் வரித்துறையிடமும் ஒரு வார்த்தை கேட்பார்கள். இந்த ஆளுக்கு விருது கொடுத்தால் பின்னால் வரி விவகாரம் எதுவும் கிளம்புமா என்று பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு போலக் குறித்து அனுப்புவார்கள். ஃபார்முலா 1 ஓட்டுநர்களில் பாதிப் பேர் வருமான வரி இல்லாத மொனாக்கோவில் குடியிருக்கிறார்கள் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதிதான் நம் கேள்விக்கு முக்கியம்: இறந்தவருக்கு ‘சர்’ பட்டம் கிடையாது. வீரதீரச் செயலுக்கான பதக்கங்களை மட்டும் மரணத்துக்குப் பிறகும் தருவார்கள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். முதல் இரண்டு பெயர்கள் பந்தயத்தைவிட வேகச் சாதனையால் வந்தவை. 1929 மார்ச்சில் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரை மணலில் ஹென்றி சீக்ரேவ் ‘கோல்டன் ஏரோ’ என்ற காரை மணிக்கு 231 மைல், அதாவது ஏறத்தாழ 372 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். விமான எஞ்சின் பொருத்திய கார் அது. அதே ஆண்டு அவர் ‘சர்’ ஆனார். (நம் சி.வி. ராமனுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்ததும் 1929-இல்தான்.) அடுத்த ஆண்டு ஜூனில் விண்டர்மியர் ஏரியில் படகில் வேகச் சாதனை செய்த அன்றே, படகு கவிழ்ந்து சீக்ரேவ் இறந்துபோனார். பட்டம் ஓர் ஆண்டு தாமதித்திருந்தால் அவருக்குக் கிடைத்தே இருக்காது.

1931 பிப்ரவரியில் அதே டேட்டோனாவில் மால்கம் கேம்பெல் 246 மைல் வேகத்தைத் தொட்டார். அவரும் ‘சர்’. இந்த இரண்டு பட்டங்களையும் அந்தக் காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்து பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. அமெரிக்கா தொழிலில் பிரிட்டனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்க மண்ணிலேயே போய் பிரிட்டிஷ் எஞ்சின், பிரிட்டிஷ் கார், பிரிட்டிஷ் ஓட்டுநர் என்று சாதனை செய்து காட்டியதற்கு அரசாங்கம் தந்த நன்றி அது. ஐரோப்பியப் பந்தயங்களில் ஜெயிப்பதற்கு அப்போது அந்த மதிப்பு இருக்கவில்லை. 1923-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயை பிரிட்டிஷ் காரில் ஜெயித்தவரும் இதே சீக்ரேவ்தான். அதற்கு யாரும் அவரை அரண்மனைக்குக் கூப்பிடவில்லை.

மால்கம் கேம்பெலின் மகன் டொனால்ட் கேம்பெல் 1964-இல் தரையிலும் தண்ணீரிலும் ஒரே ஆண்டில் உலக வேகச் சாதனை செய்தார். வேறு எவரும் அதைச் செய்ததில்லை. அவருக்கு 1957-இல் கிடைத்த சி.பி.இ.யோடு சரி. 1967 ஜனவரி 4 அன்று கோனிஸ்டன் ஏரியில் படகு பறந்து விழுந்து இறந்தார். அப்பாவின் காலத்தில் நாட்டுப் பெருமையாக இருந்த வேகம், மகனின் காலத்தில் ஒரு தனிமனிதரின் பிடிவாதமாக மாறிவிட்டிருந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பிரான்சில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸை 1929, 1931-இல் வென்றவர்கள் பட்டியலில் ‘சர் ஹென்றி பிர்கின்’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அவர் பரம்பரையாக வந்த ‘பேரனட்’ பட்டத்துக்காரர். அப்பாவிடமிருந்து வந்த ‘சர்’ அது. ஓட்டியதற்காகக் கிடைத்தது இல்லை. இன்னொரு வகையும் உண்டு. ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸ் 1956-இல் ‘சர்’ ஆனார். 1951-லிருந்து 1957-க்குள் ஜாகுவார் லெ மான்ஸை ஐந்து முறை வென்றது உண்மைதான். ஆனால் அரசுக்கு அவரிடம் பிடித்தது ஏற்றுமதி. அந்தக் கார்கள் அமெரிக்காவில் விற்று டாலரைக் கொண்டுவந்தன.

மால்கம் கேம்பெலுக்குப் பிறகு ஓர் ஓட்டுநருக்குப் பட்டம் கிடைக்க நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதை வாங்கியவரோ ஆஸ்திரேலியர்: ஜாக் பிரபாம். 1959, 1960, 1966 என்று மூன்று முறை சாம்பியன். மூன்றாவது முறை தன் பெயரையே தாங்கிய காரில் ஜெயித்தார். அந்தச் சாதனை இன்றுவரை அவருடையது மட்டுமே. 1970-இல் ஓய்வு பெற்றவருக்கு அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் ‘சர்’ வந்தது.

அதன்பிறகு இருபது ஆண்டு மௌனம். பிறகு அடுத்தடுத்து மூன்று: 1999 புத்தாண்டுப் பட்டியலில் அணி உரிமையாளர் ஃபிராங்க் வில்லியம்ஸ், 2000-இல் ஸ்டிர்லிங் மாஸ், 2001-இல் ஜாக்கி ஸ்டூவர்ட். அதற்குள் காலம் மாறியிருந்தது. ஃபார்முலா 1 அணிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் கார் செய்தன. ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றி ஒரு தொழில் வட்டாரமே உருவாகியிருந்தது. 1986-இல் தெற்கு பிரான்சில் கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அணியை நடத்தியவர் வில்லியம்ஸ். அவரோடு அணியைக் கட்டிய பொறியாளர் பேட்ரிக் ஹெட் 2015 வரை காத்திருந்தார்.

மாஸ் கதை தனி. 16 கிராண்ட் பிரீ வெற்றி. 1955 முதல் 1958 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து இரண்டாமிடம். 1958-இல் போர்ச்சுகல் பந்தயத்தில் அவருடைய போட்டியாளர் மைக் ஹாதர்ன் எதிர்த்திசையில் காரை ஓட்டினார் என்று நடுவர்கள் அவருடைய புள்ளிகளைப் பறிக்கப் பார்த்தார்கள். மாஸ் போய், அவர் அப்போது பந்தயப் பாதையில் இல்லை, நடைபாதை ஓரத்தில்தான் இருந்தார் என்று சாட்சி சொன்னார். புள்ளிகள் தப்பின. ஆண்டு முடிவில் ஹாதர்ன் 42, மாஸ் 41. அந்த ஆண்டு மாஸ் நான்கு பந்தயம் ஜெயித்திருந்தார், ஹாதர்ன் ஒன்றுதான். சாம்பியன் ஆன ஹாதர்ன் சில மாதங்களிலேயே, 29 வயதில், சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். மாஸ் 1962-இல் குட்வுட் விபத்தோடு நிறுத்தியவர், அதற்குப் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் பிரிட்டனில் பந்தயம் என்றாலே நினைவுக்கு வரும் முகமாக வாழ்ந்து, எழுபது வயதில் ‘சர்’ ஆனார். சாம்பியன் ஆகாதவருக்கு எப்படி என்று கேட்டால், இந்த இரண்டு ஆட்களின் வாழ்நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பேன்.

ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்குக் கொடுத்ததில் எனக்கு மறுபேச்சே இல்லை. மூன்று பட்டம், 27 வெற்றி என்பதெல்லாம் ஒரு பக்கம். 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் முதல் சுற்றிலேயே மழையில் கார் தடம் விலகிப் போய் மோதியது. உடைந்த டேங்கிலிருந்து பெட்ரோல் அவர் மேலேயே கொட்டிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கைக் கழற்ற முடியாமல் இருபத்தைந்து நிமிடம்போலச் சிக்கிக் கிடந்தார். கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுராண்டும் தங்கள் கார்களை விட்டுவிட்டு வந்து, பார்க்க வந்தவர் ஒருவரிடம் ஸ்பேனர் கடன் வாங்கி அவரை வெளியே எடுத்தார்கள். அங்கே ஒழுங்கான மருத்துவ வசதியும் இல்லை. அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. சீட் பெல்ட், தடுப்பு வேலி, மருத்துவர், தீயணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பாதை உரிமையாளர்களோடு சண்டை போட்டார்; பந்தயங்களைப் புறக்கணிக்க வைத்தார். கோழை என்று ஏசியவர்களும் உண்டு. இன்றைக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதியவர் இறங்கி நடந்து போவதற்குப் பின்னால் அந்தச் சண்டையும் இருக்கிறது. பந்தயத்துக்குச் செய்த சேவை என்ற சொற்றொடர் முழுப் பொருளோடு பொருந்துவது அவருக்குத்தான்.

இப்போது கிடைக்காதவர்கள். ஜிம் கிளார்க்: 72 பந்தயத்தில் 25 வெற்றி, 1963-லும் 65-லும் சாம்பியன், 1965-இல் இண்டியானாபொலிஸ் 500 வெற்றியும் சேர்த்து. 1964-இல் ஓ.பி.இ. கொடுத்தார்கள். 1968 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில் 32 வயதில் இறந்தார். கிரஹாம் ஹில்லுக்கு 1968-இல் ஓ.பி.இ.; 1975 நவம்பரில் தானே ஓட்டிய சிறு விமானம் விழுந்து மறைந்தார். இவர்களைப் புறக்கணித்தார்கள் என்று சொல்வது சரியில்லை. அந்தக் காலத்தில் நடப்பு சாம்பியனுக்கு ஓ.பி.இ.தான் வழக்கமான உயரம்; மேலே ஏற ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகள் அவர்களுக்கு அமையவில்லை.

சர்டீஸ் விஷயத்தில் இந்தச் சமாதானம் செல்லாது. 1956 முதல் 1960 வரை பைக்கில் ஏழு உலகப் பட்டம். 1964-இல் ஃபெராரியில் ஃபார்முலா 1 சாம்பியன். இரண்டு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உச்சத்தைத் தொட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். 2009-இல் மகன் ஹென்றி பந்தயத்தில் பறந்துவந்த சக்கரம் தலையில் பட்டு 18 வயதில் இறந்தபின், அவன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி மூளைக்காயம் பட்டவர்களுக்காக உழைத்தார். முதலில் எம்.பி.இ., 2008-இல் ஓ.பி.இ., 2016-இல் சி.பி.இ. அடுத்த படி ஏறுவதற்குள் 2017 மார்ச்சில், 83 வயதில் காலமானார். எண்பது வயதைத் தாண்டியும் ஒருவர் காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் அது குழுவின் குறை. எனக்குத் தோன்றும் காரணம் இது: அவர் சாமர்த்தியமாகப் பேசிப் பழகும் ஆள் இல்லை, ஃபெராரியிடமே முறைத்துக்கொண்டு வெளியே வந்தவர். அவருக்காக மனு போட்டு, கடிதம் திரட்டி, விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் கூட்டம் காலத்தில் சேரவில்லை. பரிந்துரையில் நகரும் அமைப்பில் அது பெரிய குறைதான்.

ஹாமில்டனுக்கு இந்தக் கூட்டம் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. 2009 புத்தாண்டில் எம்.பி.இ. 2020-இல் மைக்கேல் ஷூமாக்கரின் 91 வெற்றிகளைத் தாண்டி, ஏழாவது பட்டமும் வென்று அவரோடு சமமானார். மொனாக்கோவில் வசிப்பவருக்குப் பட்டமா என்ற வாதம் அப்போது நன்றாகவே ஓடியது. 2020 டிசம்பர் 30 அன்று வந்த அறிவிப்பில் அவர் பெயர் வெளிநாட்டில் வாழும் பிரிட்டன்காரர்களுக்கான பட்டியலில் இருந்தது. மொனாக்கோ முகவரிக்கு அதுதான் வழி. ஃபார்முலா 1-இல் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ‘சர்’ ஆன முதல் ஆள் அவர்தான்.

பட்டத்தை வாங்கிய நாள்தான் வேடிக்கை. 2021 டிசம்பர் 12 அன்று அபுதாபியில், கடைசிச் சுற்றில், பெரும் சர்ச்சைக்குரிய ஒரு முடிவால் எட்டாவது பட்டம் கையை விட்டுப் போனது. மூன்றே நாளில், டிசம்பர் 15, வின்ட்சர் கோட்டையில் இளவரசர் சார்லஸ் முன்னால் முழந்தாளிட்டு நின்றார். அம்மாவும் கூட வந்திருந்தார்.

பட்டம் வெறும் வெற்றிக் கணக்குக்காகவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரனடாவிலிருந்து வந்த குடும்பம், பல வேலைகள் பார்த்துக் கார்ட் பந்தயத்துக்குப் பணம் சேர்த்த அப்பா, பெரும்பாலும் வெள்ளையரே இருந்த விளையாட்டில் ஒரே கறுப்பு ஓட்டுநர். 2020-இல் பந்தயங்களுக்கு முன்னால் முழந்தாளிட்டு நிறவெறிக்கு எதிராக நின்றார். சீக்ரேவை 1929-இல் எந்தக் கண்ணோடு பார்த்தார்களோ, 2020-இன் பிரிட்டன் தன்னைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல விரும்பிய செய்தியை ஹாமில்டனிடம் அதே கண்ணோடு பார்த்தது. அதனால் தகுதி குறைந்துவிடாது. 2022-இல் பிரேசில் நாடாளுமன்றம் அவருக்குக் கௌரவக் குடியுரிமையே தந்தது.

அணித் தலைவர்களில் பார்த்தால், மெக்லாரனின் ரான் டென்னிஸ் 2024 புத்தாண்டில் ‘சர்’ ஆனார். அதில் எழுதியிருந்த காரணம் தொழில்துறைக்கும் அறப்பணிக்கும் செய்த சேவை. பந்தயம் என்ற வார்த்தையே இல்லை. இந்த வழி எப்போதும் திறந்திருக்கிறது. முன்னாள் ஃபார்முலா 1 சாம்பியன் நைஜல் மான்செலின் 2012 சி.பி.இ.யும் இளைஞர் நலப் பணிக்காகத்தான். வடக்கு அயர்லாந்தின் பைக் வீரர் ஜோயி டன்லப்புக்கு 1986-இல் எம்.பி.இ. ஓட்டியதற்காக, 1996-இல் ஓ.பி.இ. கிடைத்தது ருமேனியா போன்ற நாடுகளின் அநாதை விடுதிகளுக்குத் தானே வண்டி ஓட்டிப் பொருள் கொண்டுபோனதற்காக. வெளிநாட்டவர் என்றால் கௌரவ விருது மட்டும்: மெர்சிடிஸ் அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் ஆஸ்திரியர் என்பதால் அவருடைய சி.பி.இ. அப்படிப்பட்டதுதான்.

பட்டங்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு பதக்கங்களை விட்டுவிடக் கூடாது. என் பார்வையில் இந்த விளையாட்டுக்குக் கிடைத்ததிலேயே உயர்ந்தவை அவைதான். 1973 மார்ச், தென்னாப்பிரிக்காவின் கயலாமி. கிளே ரெகாசோனியின் காரும் மைக் ஹெயில்வுட்டின் காரும் மோதித் தீப்பிடித்தன. ஹெயில்வுட் தப்பி வெளியே வந்தவர், மயங்கிக் கிடந்த ரெகாசோனியை எடுக்க நெருப்புக்குள் போனார். உடுப்பில் தீப்பற்றியது, அணைத்துவிட்டு மறுபடியும் உள்ளே போய் அவரை இழுத்து வந்தார். ரெகாசோனி பிழைத்தார். அதே ஆண்டு ஜூலை, நெதர்லாந்தின் சாண்ட்வூர்ட். ரோஜர் வில்லியம்சனின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து எரிந்தது. டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு ஓடினார். தனியாளாகக் காரைப் புரட்டப் பார்த்தார்; தீயணைப்பானைப் பிடுங்கி அடித்தார்; கையை ஆட்டி உதவிக்குக் கூப்பிட்டார். அங்கிருந்த பணியாளர்களிடம் தீ தாங்கும் உடைகூட இல்லை. அவரையே கவிழ்ந்த காரின் ஓட்டுநர் என்று நினைத்து மற்றவர்கள் கடந்து போனார்கள். பந்தயத்தை நிறுத்தவே இல்லை. வில்லியம்சனைக் காப்பாற்ற முடியவில்லை. ஹெயில்வுட், பர்லி இருவருக்கும் வீரதீரச் செயலுக்கான ஜார்ஜ் மெடல் கிடைத்தது. ஒருவர் ஆளைக் காப்பாற்றினார், மற்றவரால் முடியவில்லை. இருவருக்கும் ஒரே பதக்கம் தந்த அந்த முடிவை எடுத்தவர்களுக்கு என் வணக்கம்.

கடைசியாக இந்தியா. நம் அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. பத்ம விருதுகள் பட்டமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் தெளிவாகச் சொன்னது: விருது செல்லும், ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது. ஆகவே ‘சர் லூயிஸ்’ போல இங்கே யாரையும் அழைக்க முடியாது.

கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் ஓட்டி, ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியர் ஆனார். அவருக்கு 2010-இல் பத்மஸ்ரீ. இங்கேயும் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாறுவோம். அவருடைய ஐந்து புள்ளிகளும் ஆறே கார்கள் ஓடிய 2005 அமெரிக்கப் பந்தயத்தில் நான்காமிடத்துக்குக் கிடைத்தவை. கதவைத் திறந்ததற்குத்தான் அந்த விருது. அது சரியான காரணமும்கூட. அர்ஜுனா விருது மோட்டார் பந்தயத்துக்கு வர 2019 வரை ஆனது. ராலி ஓட்டுநர் கௌரவ் கில்தான் அதை வாங்கிய முதல் ஆள். விருது தொடங்கியது 1961-இல் என்பதை நினைத்தால், இது பணக்காரர் பொழுதுபோக்கு, விளையாட்டு இல்லை என்ற எண்ணம் எவ்வளவு ஆழம் என்று புரியும்.

அஜித் குமாரைக் கேட்காமல் யாரும் விடமாட்டீர்கள் என்று தெரியும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் வந்தது. அதே மாதம் பத்மபூஷண் அறிவிப்பு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு நிறையப் பேர் கொண்டாடினார்கள். ஆனால் பட்டியலில் அவர் பெயர் இருந்தது கலைப் பிரிவில்.